பேராசிரியரின் மேசையும் மாணவனின் ஆயுளும்

நல்லாசிரியர் இன்னார் என்று கூறுவதோடு நன்னூலார் அமைந்துவிடவில்லை. ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்பதையும் நான்கு உவமைகளால் வகுத்துரைத்தார். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. கழற்சிக்காய்களைக் குடத்துள் ஒரு முறையில் இட்டால் அவை வேறு முறையிற் கலந்து கொட்டும்; கற்றதனை ஒழுங்கின்றிக் கொட்டும் ஆசிரியன் அத்தகையன். கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பழம் பறித்தல் எவர்க்கும் அரிது; அது தானாக உதிர்த்தாலன்றிப் பயனில்லை. பஞ்சடைத்த குண்டிகை எவ்வளவு முயன்றாலும் சிறிது சிறிதாகவே தரும். வளைந்த தென்னையோ ஒருவர் வார்த்த நீரை உண்டு வேறொருவர் வளவிலே காயை வீழ்த்தும். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வுவமைகளை இன்று ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பயிலும் மாணவர் எவர்க்கேனும் படித்துக் காட்டினால், ஒரு கணம் சிந்தித்துத் தம் மேற்பார்வையாளர் எவ்வகையினர் என்பதை அவர் சொல்லிவிடுவார்.

இது நகைப்புக்குரிய செய்தியன்று. ஆறு மாதங்களுக்கு முன் கையளித்த அத்தியாயம் எங்கே கிடக்கின்றது என்று அறியாத மாணவரை நாம் அறிவோம். எழுதிய மடல்களுக்கு மறுமொழி வருவதில்லை. குறித்த நாளிற் சென்றால் அறைக்கதவு பூட்டியிருக்கும். திறந்திருக்கும் நாளிலோ, "எதைப் பற்றி எழுதுகின்றீர்?" என்று பேராசிரியர் முதலிலிருந்து வினவுவார். புலமைப்பரிசில் முடியும் நாள் நெருங்குகின்றது; ஊரிலே தாய் தந்தையர் எதிர்பார்த்திருக்கின்றனர். மீண்டும் நினைவூட்டினால் சினங் கொள்வாரோ என்ற அச்சம் ஒருபுறம். வாளாவிருந்தால் காலம் கழிந்துவிடுமே என்ற ஏக்கம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இளைஞனின் உழைப்பும் உற்சாகமும் தேய்கின்றன.

இத்துன்பத்தைத் தனிமனிதர் ஒருவரின் குணக்கேடாகக் கொண்டு பெருமூச்செறிந்து விடுவதே வழக்கமாயிருக்கின்றது. அது போதாதென்பதே எமது கருத்து. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆராய்ந்தால், குணக்கேடு எங்கே முடிகின்றது, அமைப்பின் கேடு எங்கே தொடங்குகின்றது என்பதை நாம் ஓரளவு தெளிந்துகொள்ளலாம். அந்நிகழ்ச்சி 1826 ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே தொடங்கியது.

நோர்வேயிலிருந்து வந்த இளைஞன்

நீல்ஸ் ஹென்றிக் ஏபெல் 1802 ஆகஸ்ட் 5 இல் நோர்வே நாட்டிலே, ஏழ்மையுற்ற ஒரு மதகுருவின் குடும்பத்திற் பிறந்தவன். அவன் பயின்ற கிறிஸ்தியானியாப் பாடசாலையில் (அந்நகரே இன்றைய ஒஸ்லோ) கணித ஆசிரியர் ஒருவர் மாணவன் ஒருவனை அடித்ததன் பின் அம்மாணவன் இறந்துபோக, அவர் விலக்கப்பட்டார். அவரிடத்துக்கு 1818 இல் வந்தவர் ஹோம்போ என்னும் இளம் ஆசிரியர். பிரம்பு ஏந்திய ஒருவர் போய்ப் புத்தகம் ஏந்திய ஒருவர் வந்தமையே ஏபெலின் வாழ்வை மாற்றியது எனலாம். பேரறிஞர்களின் மூலநூல்களை ஹோம்போ அவன் கையிற் கொடுத்தார். 1820 இல் தந்தை இறந்தபோது குடும்பச் சுமை பதினெட்டு வயதினனாகிய ஏபெலின் தோளில் விழுந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலர் தம் சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் சேர்த்து அவனைப் படிப்பித்தனர். ஆசிரியர் சமூகத்தின் பெருந்தன்மையையும் அவன் கண்டவன் என்பதைப் பின்னர் வருவனவற்றை வாசிக்கும்போது நாம் மறத்தலாகாது.

இரண்டரை நூற்றாண்டுக் காலமாக ஐரோப்பியக் கணித அறிஞர்களைத் திணறவைத்த வினா ஒன்று இருந்தது. நான்காம் படிவரையுள்ள சமன்பாடுகளுக்குப் பொதுத் தீர்வுச் சூத்திரம் கண்டாயிற்று. ஐந்தாம் படிக்கு அத்தகைய சூத்திரம் உண்டா? இல்லை, இருக்கவும் முடியாது என்று 1824 இல் ஏபெல் நிறுவினான். அதனை அச்சிடப் பணமில்லை. தன் கைப்பணத்தைச் செலவிட்டு, அச்சுக்கூலியைக் குறைக்கும் பொருட்டு முழு நிறுவலையும் ஆறு பக்கங்களிற் சுருக்கினான். ஏழ்மை கணிதத்தின் நடையையே சுருக்கியது. அச்சிறு பிரசுரத்தின் படி ஒன்று ஜேர்மனியின் கணிதப் பேரரசர் எனப் போற்றப்பட்ட கவுஸ் என்பாருக்கு அனுப்பப்பட்டது. மறுமொழி வரவில்லை. 1855 இல் கவுஸ் மறைந்த பின் அவருடைய கடதாசிக் கட்டுகளுள் அப்பிரசுரம் தாள்கள் வெட்டப்படாமலே, அதாவது எவராலும் வாசிக்கப்படாமலே, கிடந்ததாகக் கூறுவர்.

1825 இல் அரசு வழங்கிய உதவித்தொகையோடு ஏபெல் புறப்பட்டான். பேர்லினில் கிறெல்லே என்னும் பொறியியலாளரைச் சந்தித்தான். கிறெல்லே தாம் பெருங் கணித மேதையல்லர். ஆயினும் மேதையைக் கண்டால் அறிந்துகொள்ளும் கண் அவருக்கு இருந்தது. 1826 இல் அவர் தொடங்கிய கணித சஞ்சிகையின் முதற்றொகுதியிலேயே ஏபெலின் கட்டுரைகள் பல வெளிவந்தன. பின்னர், அவ்வாண்டு ஜூலையில் ஏபெல் பாரிஸை அடைந்தான். விடுமுறைக்காலமாதலின் பேராசிரியர்கள் நாட்டுப்புறங்களுக்குச் சென்றிருந்தனர். அவன் காத்திருந்தான். காத்திருந்த மாதங்களில் தன் வாழ்நாளின் தலைசிறந்த ஆய்வை எழுதி முடித்தான். இன்று ஏபெலின் தேற்றம் என வழங்கும் அது, ஒரு மிகப் பரந்த வகைத் தொகையீடுகளின் கூட்டல் பற்றியது. அக்காலத்தில் எவரும் எட்டாத பொதுமை அதில் இருந்தது.

முப்பத்தேழு வயதினரான அகஸ்தீன் லூயி கோஷி அப்போது பிரான்சின் முன்னணிக் கணித அறிஞர். ஏபெல் அவரிடம் கட்டுரையைக் காட்டியபோது அவர் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லையென, 1826 ஒக்டோபரில் தன் ஆசிரியர் ஹோம்போவுக்கு எழுதிய மடலில் அவன் குறிப்பிடுகின்றான். கோஷியோடு எதுவும் செய்ய இயலாது என்று நொந்துகொள்ளும் அதே மடலில், கணிதத்தை எவ்வாறு செய்யவேண்டும் என்பதை இன்று அறிந்தவர் அவர்தாம் என்றும் அவன் எழுதுகின்றான். புறக்கணிக்கப்பட்ட மாணவனின் நேர்மையான தீர்ப்பு அது. தனக்கு நேர்ந்த அவமதிப்பைக் கொண்டு எதிரியின் புலமையை அவன் அளக்கவில்லை.

1826 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. அன்று கூடிய பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின்முன் கட்டுரை வைக்கப்பட்டது. அதனைப் பரிசீலித்து அறிக்கை தரும்படி இருவர் நியமிக்கப்பட்டனர்: ஒருவர் எழுபத்துநான்கு வயதினரான லெஜாந்தர், மற்றவர் கோஷி. கோஷி கையெழுத்துப் படியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அவ்வளவுதான். நவம்பர் கழிந்தது, டிசெம்பரும் கழிந்தது. ஏபெலின் பணம் தீர்ந்தது. டிசெம்பர் இறுதியில் அவன் பாரிஸை விட்டுப் புறப்பட்டான். 1827 மே மாதம் நாடு திரும்பியபோது அவனுக்குப் பதவி எதுவும் காத்திருக்கவில்லை. கிறிஸ்தியானியாவில் ஏற்பட்ட கணித வெற்றிடம், அவன் வெளிநாட்டில் இருந்தபோதே ஹோம்போவுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆசிரியரும் மாணவரும் அதனால் பகைமை கொள்ளவில்லை. ஆயின் ஏபெல் கடனிலும் தனிப்பாடம் சொல்லிக் கொடுப்பதிலும் நாட்களைக் கழித்தான்.

இரண்டு பக்கங்கள்

பின் நிகழ்ந்தவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வரிசையே போதிய விமரிசனமாகும்.

1828 இல் கிறெல்லேயின் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில், 1826 இன் இறுதியளவிற் பாரிஸ் கழகத்துக்கு ஒரு கட்டுரை சமர்ப்பித்ததாக ஏபெல் அமைதியாகக் குறிப்பிட்டான். அதே ஆண்டு செப்டெம்பரில், பாரிஸ் கழகத்தின் உறுப்பினர் நால்வர், ஏபெலின் மேதைமையைப் போற்றி, அவனுக்குத் தக்க பதவி அளிக்குமாறு நோர்வே, சுவீடன் ஆகியவற்றின் மன்னருக்கு விண்ணப்பம் எழுதினர். கையொப்பமிட்டவருள் லெஜாந்தரும் ஒருவர். ஏபெலின் ஒப்பற்ற கட்டுரையைப் பரிசீலிக்கும் கடமை இரண்டாண்டுகளாகத் தம்மிடம் நிலுவையில் இருக்கின்றது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மன்னரிடம் நீதி வேண்டிய பெரியவர், தம் சகாவின் மேசையிற் கிடந்ததை வேண்டவில்லை.

டிசெம்பரில் ஏபெல் தன் காதலி பணிபுரிந்த புரோலாந்து என்னும் இரும்பாலைக் குடியிருப்புக்குச் சென்றான். காசநோய் அவனை அரித்துக்கொண்டிருந்தது. 1829 ஜனவரி 6 இல், பாரிஸில் தொலைந்ததோ இருக்கின்றதோ என்று தெரியாத அப்பெருங் கட்டுரையின் உயிர்நிலைத் தேற்றத்தை மட்டும், முன்னுரையின்றி, எடுத்துக்காட்டின்றி, இரண்டு பக்கங்களில் எழுதிக் கிறெல்லேக்கு அனுப்பினான். அவன் எழுதிய இறுதி ஆய்வு அதுவே. சில நாட்களிற் படுக்கையில் விழுந்தான். மீளவில்லை.

மார்ச்சு 14 இல், ஜேர்மானியக் கணிதவியலாளர் யாக்கோபி, ஏபெலுக்குப் போட்டியாளராகக் கருதப்பட்டவர், லெஜாந்தருக்கு மடல் எழுதினார். இத்தகைய கண்டுபிடிப்பு இரண்டாண்டுகளுக்கு முன்னரே உங்கள் கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருந்தும் உங்கள் கவனத்துக்கு எவ்வாறு தப்பியது என்பது அவர் வினா. ஏப்ரில் 8 இல் லெஜாந்தர் மறுமொழி எழுதினார்: எழுத்து வாசிக்க முடியாதிருந்தது, மை மிக வெளிறியிருந்தது, தெளிவான படி ஒன்றை ஆசிரியரிடம் கேட்பதென இருவரும் உடன்பட்டோம், கோஷி கட்டுரையைத் தம்மிடம் வைத்துக்கொண்டார், காரியம் அவ்வாறே நின்றுவிட்டது. தெளிவான படி வேண்டுமென்று ஏபெலிடம் எவரும் கேட்கவேயில்லை.

அம்மடல் எழுதப்பட்டதற்கு இரு நாட்களின் முன், 1829 ஏப்ரில் 6 இல், ஏபெல் இறந்துவிட்டான். வயது இருபத்தாறு. அதே ஏப்ரில் 8 ஆம் நாள், பேர்லினில் அவனுக்குப் பதவி உறுதியாகிவிட்டது என்ற நற்செய்தியைக் கிறெல்லே அவன் முகவரிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

கோஷியின் அறிக்கை 1829 ஜூன் 29 இல் வந்தது. 1830 இல் கழகம் தன் பெரும் பரிசை யாக்கோபிக்கும் மறைந்த ஏபெலுக்குமாகப் பகிர்ந்தளித்தது. ஆயினும் 1839 இல் ஹோம்போ தம் மாணவனின் ஆக்கங்களைத் திரட்டி வெளியிட்டபோது பாரிஸ் கட்டுரை அதில் இடம்பெற முடியவில்லை. அது அச்சேறியது 1841 இலே. அச்சேறியதும் கையெழுத்துப் படி மறைந்தது. அதன் பெரும்பகுதி 1952 இல் இத்தாலியின் புளோரன்சு நகரிலே நோர்வேஜிய அறிஞர் வீகோ புரூனாற் கண்டெடுக்கப்பட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்த சமுதாயம்

கோஷி சோம்பேறியா? அல்லர். அவர் எழுதிய ஆய்வுகள் ஏறத்தாழ எண்ணூறு. அவருடைய ஆக்கங்களின் முழுத்தொகுப்பு 27 தொகுதிகள். ஏபெல் காத்திருந்த அதே 1826 இல், தம் கட்டுரைகளை மாத்திரம் வெளியிடுவதற்கென்றே ஒரு தொடர் வெளியீட்டை அவர் தொடங்கியிருந்தார். எக்கோல் பொலிதெக்னிக், பாரிஸ் விஞ்ஞான பீடம், கொலேஜ் டி பிரான்ஸ் ஆகிய மூன்றிடங்களிலும் கற்பித்தார். பல பதவிகளை ஒருவரே வகிப்பது அக்காலப் பிரான்சிற் குற்றமாகக் கருதப்படவில்லை. தலைநகரின் ஒரு சிறு வட்டத்துள் பதவிகள் யாவும் சுழன்றன. வட்டத்துள் இருந்தவர்க்கு நேரமில்லை. வட்டத்துக்கு வெளியே இருந்தவர்க்கோ நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவ்வட்டத்துள் கோஷி புகுந்த விதமும் கருதத்தக்கது. நெப்போலியன் வீழ்ந்து பூர்போன் முடியாட்சி மீண்டபின், 1816 இல், புரட்சிக்குத் துணைநின்ற மொன்ஜ், கார்னோ ஆகிய அறிஞர்களைக் கழகத்திலிருந்து அரசு நீக்கியது. வெற்றிடங்களுள் ஒன்றில் அரச கட்டளையால் அமர்த்தப்பட்டவர் கோஷி. அவர் திறமைக்கு அவ்விடம் எப்படியும் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆயினும் முடியரசின் கட்டளையால் ஆசனம் பெற்றவர் யாருக்குக் கணக்குக் காட்டவேண்டும்? நோர்வேயிலிருந்து வந்த பெயரறியா இளைஞனுக்கா?

கழகத்தின் நடைமுறையோ கழற்குடத்தை ஒத்தது. கையெழுத்துப் படி ஒன்றே. மறுபடி எடுக்கும் வழக்கமில்லை. பரிசீலிப்பவர் அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். எத்தனை நாளுக்குள் அறிக்கை தரவேண்டும் என்ற தவணை இல்லை. தராவிடின் வினவுவார் இல்லை. சமர்ப்பித்தவனுக்கு அறிவிக்கும் பொறுப்பும் எவருக்கும் இல்லை. இத்தகைய ஏற்பாட்டில் ஒருவர் ஒழுங்கானவராயிருந்தால் அது அவர் தனிப்பட்ட நற்குணம். ஒழுங்கற்றவராயிருந்தால் அதனால் அவருக்கு எந்நட்டமும் இல்லை. நட்டம் முழுவதும் மாணவனுடையதே. மறதி என்பது அதிகாரம் உள்ளவரின் சலுகையாகின்றது. பண்ணையாரின் மறதிக்குக் குத்தகைக்காரன் விலை கொடுப்பதையும், தோட்டத்துரையின் மறதிக்குத் தொழிலாளி விலை கொடுப்பதையும் கண்ட நமக்கு இது புதிய செய்தியன்று. கற்றோர் அவையிலும் அதே நியதி நிலவியது என்பதே நாம் குறிக்கவேண்டியது.

கலுவாவின் கேள்வி

ஏபெல் இறந்து ஏழு வாரங்களில், 1829 மே 25 இல், மற்றோர் இளைஞனின் கட்டுரை அதே கழகத்துக்கு வந்தது. ஜூன் முதலாம் நாள் இரண்டாவது கட்டுரை வந்தது. எவரிஸ்த் கலுவாவுக்கு அப்போது வயது பதினேழு. சமன்பாடுகள் எப்போது தீர்க்கப்படக்கூடியன என்ற வினாவை அவன் அடியோடு புதிய முறையில் அணுகினான். பின்னாளில் கூட்டக் கொள்கை எனப் பெயர் பெற்ற கணிதத் துறையின் விதை அதில் இருந்தது. கட்டுரைகளைப் பெற்றுக்கொண்டவர் கோஷி.

கோஷி அவற்றைத் தொலைத்துவிட்டார் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. வரலாறு எழுதுவோர் வதந்தியை உண்மையாகக் கொள்ளலாகாது. 1971 இல் பிரெஞ்சு வரலாற்றாய்வாளர் ரெனே தாத்தோன் வெளியிட்ட ஒரு மடல் வேறு கதை கூறுகின்றது. 1830 ஜனவரி 18 இல் நடைபெறவிருந்த கூட்டத்தில் கலுவாவின் ஆய்வைப் பற்றித் தாம் அறிக்கை தர இருந்ததாகவும், உடல்நலமின்மையால் வரமுடியவில்லை எனவும், அடுத்த கூட்டத்தில் தரவிரும்புவதாகவும் கோஷி எழுதியிருக்கின்றார். ஆகவே அவர் வாசித்திருந்தார், மதித்தும் இருந்திருக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். தம் சொந்தக் கட்டுரையை வாசித்தார். கலுவாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையை விரித்தெழுதிப் பெரும் பரிசுப் போட்டிக்கு அனுப்பும்படி அவரே கலுவாவைத் தூண்டியிருக்கலாம் என்று தாத்தோன் ஊகிக்கின்றார். ஊகம் சரியாயின் கோஷியின் பழி குறையும். அப்போதும், தீர்மானம் எது என்பதை மாணவனும் கழகமும் அறியும்படி பதிவு செய்யும் முறை ஒன்று இருக்கவில்லை என்ற குறை அப்படியே நிற்கும்.

1830 பெப்ரவரியிற் கலுவா பரிசுப் போட்டிக்கு எழுதினான். கழகத்தின் செயலாளர் பூரியே கட்டுரையை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். மே மாதத்தில் அவர் இறந்தார். அவருடைய கடதாசிகளுள் அக்கட்டுரை கிடைக்கவில்லை. மூன்றாம் முறையாக, 1831 ஜனவரியில், பொவாசோன் கேட்டுக்கொண்டதன் பேரில் கலுவா மீண்டும் எழுதினான். பொவாசோனும் லக்ருவாவும் பரிசீலகர்கள். மாதங்கள் கழிந்தன. மார்ச்சு 31 இல் அவன் கழகத் தலைவருக்கு ஒரு மடல் எழுதினான். தன் கட்டுரை தொலைந்துவிட்டதா, அல்லது அறிக்கை தரும் எண்ணம் உண்டா என்று அவ்விருவரையும் கேட்டுச் சொல்லித் தன் கவலையைத் தீர்க்குமாறு அதில் வேண்டினான். ஆராய்ச்சி மாணவர் வரலாற்றில் எழுதப்பட்ட நினைவூட்டல் மடல்களுள் இதனை முதல் வரிசையில் வைக்கலாம். ஏபெல் அடிக்குறிப்போடு அமைந்தான். கலுவா கேள்வி கேட்டான். இருவருக்கும் இடையே நிகழ்ந்திருந்தது 1830 ஜூலைப் புரட்சி.

அப்புரட்சி நாட்களிலே தம் மாணவர் வீதிக்குச் செல்லாதவாறு எக்கோல் நொர்மாலின் தலைவர் வாயிலைப் பூட்டிவைத்தார். அவரைச் சாடிப் பத்திரிகையில் வெளிவந்த மடல் காரணமாகக் கலுவா நீக்கப்பட்டான். மறுபுறம், அரியணை இழந்த மன்னரின் மேற்கொண்ட விசுவாசத்தால் கோஷி நாட்டைவிட்டே வெளியேறினார். மாணவன் குடியரசுவாதி; பேராசிரியர் முடியரசுவாதி. இருவரும் தத்தம் கொள்கைக்காக இழப்பை ஏற்றவரே என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். ஆயினும் ஒருவரின் இழப்பு நாடுகடந்த வாழ்வு. மற்றவனின் இழப்பு சிறை.

1831 ஜூலை 4 இல் பொவாசோனின் அறிக்கை வந்தது. நிறுவல் தமக்கு விளங்கவில்லை என்றும், ஆசிரியர் முழுமையாக எழுதி வெளியிட்ட பின்னரே முடிவு கூற இயலும் என்றும் அது கூறியது. கலுவாவின் எழுத்து மிகச் சுருக்கமானது என்பதும் உண்மையே. ஆனால் மும்முறை எழுதி, இருமுறை பயனின்றிப் போன ஒருவனிடம் பொறுமையோடு விரித்தெழுதும் மனத்தை எதிர்பார்க்கலாமா? ஜூலை 14 இல் அவன் கைதானான். சிறையிலே தன் ஆக்கங்களுக்கு ஒரு முன்னுரை எழுதி, பெரியோர்களின் கைகளிற் கையெழுத்துப் படிகள் மறையும் விந்தையைக் கசப்போடு சாடினான். 1832 மே 30 இல் ஓர் இரட்டையர் போரில் சுடப்பட்டு மறுநாள் மாண்டான், வயது இருபது. அவன் ஆக்கங்களை லியூவில் என்பார் 1846 இல் வெளியிட்டபோதுதான் உலகம் அவற்றை அறிந்தது.

மாறியதும் மாறாததும்

கழகம் ஓரளவு திருந்தியது. 1835 இல் அரகோ என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் வாரந்தோறும் கழக நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடும் வழக்கம் தொடங்கியது. ஜேர்மனியில் 1834 இல் யாக்கோபியும் நோய்மான் என்பாரும் கோனிக்ஸ்பேர்க்கிலே கணித பௌதிகக் கருத்தரங்கைத் தொடங்கினர். மாணவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தம் ஆய்வைப் பலர் முன்னிலையில் எடுத்துரைத்து மறுமொழி பெறும் முறை அது. இம்முறையோடு வளர்ந்த ஆராய்ச்சிப் பட்டம் பிற நாடுகளுக்கும் பரவியது. ஒக்ஸ்போர்டு அதனை ஏற்றது 1917 இலேதான். ஆயின் ஜேர்மானிய முறையும் தன் நோயைத் தன்னுடன் கொண்டு சென்றது. கலாநிதிப் பட்டத்துக்கு வழிகாட்டுபவரை "தந்தை" என்றே ஜேர்மானியர் அழைத்தனர். தந்தையிடம் தவணை கேட்பவர் யார்? கோஷியின் மேசை அழியவில்லை; மேற்பார்வையாளரின் மேசையாக மாறியது. 1967 நவம்பரில் ஹம்பேர்க் மாணவர், பேராசிரியர்களின் அங்கிகளுக்குள் ஆயிரம் ஆண்டுப் புழுக்க நாற்றம் வீசுகின்றது என்று பதாகை பிடித்தது இதனாற்றான்.

நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்த இராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதுமுன், ஆங்கில நாட்டுப் புகழ்பெற்ற கணிதவியலாளர் வேறிருவர்க்கும் தம் ஆய்வுகளை அனுப்பியிருந்தார். அவர்களிடமிருந்து பயனுள்ள மறுமொழி கிடைக்கவில்லை. ஹார்டி தம் சகா லிற்றில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்து, பெப்ரவரி 8 இல் மறுமொழி எழுதினார். மூன்று வாரங்களும் சில நாட்களும். அதில் ஒரு பகுதி கப்பற் பயணத்துக்கே போயிற்று. ஏபெலுக்குக் கிடைக்காததும் இராமானுஜனுக்குக் கிடைத்ததும் மேதையின் அளவால் வேறுபட்டன அல்ல. வாசிப்பதற்கு ஒருவர் ஒதுக்கிய ஓரிரவால் வேறுபட்டன. இதே ஹார்டி 1924 முதல் 1926 வரை பிரித்தானிய விஞ்ஞானத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராயிருந்தார் என்பதையும் சேர்த்தெண்ணுவோம். ஆராய்ச்சியும் ஓர் உழைப்பே என்று கருதியவருக்குப் பிறர் உழைப்பின் பெறுமதி விளங்கியிருந்தது போலும்.

நம் நாட்டிற் பல்கலைக்கழகம் 1942 இலேதான் தோன்றியது. அதன் பின்னரும் ஆராய்ச்சிக்காகக் கடல் கடந்தோர் பலர். கைலாசபதி 1966 இலும் சிவத்தம்பி 1970 இலும் பேர்மிங்காமிற் கலாநிதிப் பட்டம் பெற்றனர். இருவருக்கும் வழிகாட்டியவர் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சன். ஒரு மேற்பார்வையாளரின் கையிலிருந்து வெளிவரும் ஓர் ஆய்வு ஒரு மொழியின் விமரிசன மரபையே திசைதிருப்பக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அத்தகைய ஆய்வு மேசையிற் கிடந்து மடியின் இழப்பு மாணவனோடு முடிவதில்லை.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் எளியவை. முதலாவது, உழைப்பின் ஒரே படியை ஒருவர் கையில் மாத்திரம் ஒப்படைத்தலாகாது. ஏபெலைக் காத்தது கிறெல்லேயின் சஞ்சிகை. பாரிஸ் மௌனம் சாதித்தபோதும் அவன் குரல் பேர்லினிலிருந்து ஒலித்தது. இன்றைய மாணவனும் தன் ஆய்வைச் சக மாணவர் முன்னும், பிற அறிஞர் முன்னும், சிறு சஞ்சிகைகளிலும் வைத்தல் வேண்டும். இரண்டாவது, கையளித்த நாளையும், கூறப்பட்ட கருத்தையும், குறித்த தவணையையும் எழுத்திற் பதிந்துகொள்ளல் வேண்டும். "சென்ற வாரம் நாம் பேசியது இது, அடுத்த மாதம் இத்திகதியில் அத்தியாயத்தைத் தருவேன், இத்திகதியில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கின்றேன்" என்று பணிவோடு எழுதும் மடல், ஒழுங்கற்றவருக்கு ஒழுங்கைக் கடனாகக் கொடுக்கின்றது. மூன்றாவது, நினைவூட்டல் அவமரியாதையன்று. கலுவாவின் மடலில் ஒரு சொல்லேனும் மரியாதை தவறியதில்லை. ஆயினும் அது ஓர் உரிமைக் குரல்.

இவை தனியொருவர் செய்யத்தக்கவை. தனியொருவரால் இயலாதவையும் உண்டு. இரண்டாம் மேற்பார்வையாளர் ஒருவரை ஒவ்வொரு மாணவர்க்கும் நியமித்தல், கருத்துரை தருவதற்குத் தவணை விதித்தல், ஒருவர் ஏற்கக்கூடிய மாணவர் தொகைக்கு எல்லை வகுத்தல், அஞ்சாது முறையிடுவதற்கு ஓரிடம் அமைத்தல் என்பன பல்கலைக்கழகத்தின் கடமைகள். விதிநூலில் இவை எழுதப்பட்டிருக்கும் இடங்களிலும் அவை நடைமுறைக்கு வருவது மாணவர் ஒன்றுபட்டுக் கேட்கும்போதே. கேட்கும்போது பேராசிரியரின் சுமையையும் நாம் கருதவேண்டும். விரிவுரை, பரீட்சைத்தாள், குழுக் கூட்டம், நிர்வாகம் யாவற்றையும் ஒருவர் தலையிற் கட்டிவிட்டு அவரை மறதிக்காரர் என்று பழித்தல் முறையன்று. பளுவைக் குறைக்கக் கோரும் ஆசிரியரும் மறுமொழி கோரும் மாணவரும் ஒரே அணியில் நிற்கவேண்டியவர்.

நன்னூலார் கழற்குடத்தையும் மடற்பனையையும் காட்டி எச்சரித்தார். அவர்களிடம் அகப்பட்ட மாணாக்கன் யாது செய்வான் என்பதை அவர் கூறவில்லை. குருவைத் தேர்ந்துகொள்ளக்கூடிய காலத்துக்கு அந்த எச்சரிக்கை போதியது. மேற்பார்வையாளரைப் பல்கலைக்கழகமே நியமிக்கும் நம் காலத்துக்கு அது போதாது. ஆகவே நன்னூலார் விட்ட இடத்தை நாமே நிரப்பவேண்டியிருக்கின்றது. புரோலாந்தின் பனியிலே, காய்ச்சலோடு அமர்ந்து, தொலைந்த ஒரு பெருநூலை இரண்டு பக்கங்களில் மீண்டும் எழுதிய இளைஞனைப் போற்றுவது எளிது. அவ்விரண்டு பக்கங்களை எழுதவேண்டிய நிலை இனி எந்த மாணவனுக்கும் வராதவாறு செய்வதே நாம் அவனுக்குச் செலுத்தும் கடன்.